விண்கற்களின் வழங்குபெயர்கள்: கிரீன்லாந்துச் சான்று

விண்கற்களுக்கு அவை விழுந்த அல்லது கண்டெடுக்கப்பட்ட இடத்தின் பெயரை இடுவதே அறிவியல் மரபு. ஒரே வீழ்ச்சியில் சிதறிய துண்டுகள் எத்தனையாயினும் அவற்றிற்கு முறைப்படியான பெயர் ஒன்றே. வடமேற்குக் கிரீன்லாந்தில் கிடைத்த இரும்புக் கற்கள் இவ்வாறு 'கேப் யார்க்' எனப்படுகின்றன. எனினும் அவற்றுள் பெரிய துண்டுகள் தனித்தனி வழங்குபெயர்களும் பெற்றுள்ளன. இவ்வழங்குபெயர்கள் மொழிபெயர்ப்பாளர் ஆராயத்தக்க சிக்கல் ஒன்றை எழுப்புகின்றன.

அப்பகுதி இனுயிட் மக்கள் நெடுங்காலமாக இக்கற்களிலிருந்து சிறு சில்லுகளைத் தட்டியெடுத்துக் கத்திகள் செய்துவந்தனர். 1818இல் அங்குச் சென்ற ஜான் ராஸ் இக்கத்திகளைக் கண்டு பதிவு செய்தார். இனுயிட் மொழியில் 'சவிக்' என்னும் சொல் இரும்பையும் கத்தியையும் குறிக்கும். மூலப்பொருளையும் அதனால் ஆகிய கருவியையும் ஒரே சொல் சுட்டும் இவ்வழக்குத் தமிழ் இலக்கணம் கூறும் ஆகுபெயரோடு ஒப்பிடத்தக்கது. 'சவிஸ்ஸிவிக்' என்னும் ஊர்ப்பெயரின் அடிச்சொல்லும் இதுவே.

மூன்று கற்களை அம்மக்கள் தம் மொழியில் பெண், நாய், கூடாரம் எனப் பொருள்படும் பெயர்களால் வழங்கினர். வானிலிருந்து வீசப்பட்ட ஒரு பெண்ணும் அவளுடைய நாயும் கூடாரமுமே இக்கற்களாயின என்பது அவர்தம் கதை. ஆதலின் இவை காரணப்பெயர்கள். ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை.

அமெரிக்கரான ராபர்ட் பியரி 1894இல் உள்ளூர் வழிகாட்டியின் துணையால் இக்கற்களின் இடத்தை அடைந்தார். 1895இல் பெண், நாய் எனப்பட்ட இரண்டையும், 1897இல் ஏறத்தாழ 31 டன் எடையுள்ள கூடாரத்தையும் கப்பலில் ஏற்றிச் சென்றார். மூன்றும் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1897ஆம் ஆண்டுப் பயணத்தில் கூடாரக் கல்லுக்கு 'அனிகிட்டோ' எனப் பெயர் சூட்டப்பெற்றது. அது பியரியின் மகள் மேரியின் இரண்டாம் பெயர். 1893இல் கிரீன்லாந்தில் பிறந்த அக்குழந்தைக்கு மென்மயிர் ஆடை தைத்தளித்த இனுயிட் பெண்ணின் நினைவாக இடப்பட்டது.

சொல் இனுயிட் மொழிக்குரியது, பெயரிடல் அம்மக்களுடையதன்று. ஒலியமைப்பை மட்டும் நோக்குவோர் இதனைக் கல்லின் தொல்பெயர் எனக் கொள்ளக்கூடும். உண்மையில் கல்லைப் பொறுத்தவரை இது இடுகுறிப்பெயர். இது நிலைபெற்றதும் கதையின் மூன்றாம் உறுப்பு மறைந்தது. அதே கப்பலில் அழைத்துச் செல்லப்பட்ட ஆறு இனுயிட் மக்களுள் நால்வர் ஓராண்டிற்குள் நியூயார்க்கில் இறந்தனர். அவர்தம் எலும்புகள் அவ்வருங்காட்சியகத்திலேயே வைக்கப்பட்டு, 1993இல்தான் கிரீன்லாந்து திரும்பின.

1963இல் வாக்ன் புக்வால்ட் கண்டறிந்த ஏறத்தாழ 20 டன் எடையுள்ள துண்டு, இடப்பெயரால் 'அக்பாலிலிக்' எனப்பட்டது. அதற்கு 'ஆண்' என்னும் வழங்குபெயரும் உண்டு. பழைய பெயர்த்தொகுதி புதுப்பெயரை ஒப்புமையால் ஈன்றமைக்கு இது சான்று.

எனவே பெண், நாய், கூடாரம், ஆண் என்பவற்றைப் பொருள்பட மொழிபெயர்த்தலும், அனிகிட்டோவை ஒலிபெயர்த்தலும் பொருந்தும். ஆயினும் 'அனிகிட்டோ' முதன்முறை வருமிடத்துக் 'கூடாரம்' என்பதையும் உடன் தருதல் வேண்டும். இன்றேல் பெயரிட்டவர் யார் என்னும் வரலாறு மொழிபெயர்ப்பிலும் மறைந்துவிடும்.