குமிழி பறித்த குழிகள்

கச்சிபௌலியில் எங்கள் அடுக்ககத்துச் சம்ப்பு மோட்டார் ஒரு கோடையில் கூழாங்கல்லை மென்று தின்பதுபோல் சத்தம் போட்டது. கழற்றிப் பார்த்தால், பித்தளை இம்பெல்லர் அம்மைத் தழும்பு முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. "லாரித் தண்ணி மணல் அரிச்சிடுச்சு சார்" என்றார்கள். நானும் நம்பினேன். ஆனால் மணல் தேய்த்தால் வரிவரியாக, வழவழவென்றுதான் தேயும். இது வேறு ஆளின் வேலை. பெயர் கேவிட்டேஷன்.

1893இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'டேரிங்' வெள்ளோட்டத்தில் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. புரொப்பெல்லர் இலைகளை அகலமாக்கிய பிறகே ஓடியது. அடுத்த ஆண்டு சார்லஸ் பார்சன்ஸின் 'டர்பினியா'வும் அதே இடத்தில் திணறியது. மனிதர் சும்மா இருக்கவில்லை. 1895இல் சின்னத் தொட்டி ஒன்று செய்து, உள்ளே அழுத்தத்தைக் குறைத்து, சுழலும் புரொப்பெல்லரைக் கண்ணாடி வழியே பார்த்தார். அழுத்தம் தாழ்ந்த இடத்தில் சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழியாகிறது! மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பெல்லர் பூட்டி, 1897இல் விக்டோரியா மகாராணியின் கடற்படை அணிவகுப்பில் அவர் போட்ட ஓட்டம் ஊரறிந்தது.

வேகம் போவது ஒரு நஷ்டம். உலோகமே போவது பெரிய நஷ்டம். 1917இல் ராலே பிரபு கணக்குப் போட்டார். வெற்றுக் குமிழி விட்டத்தில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அதற்குள் ஏதாவது தட்டுப்பட்டால் அங்கே எழும் அழுத்தம் 10,300 வளிமண்டலம்!

ராலேயின் குமிழி கடைசிவரை உருண்டையாகவே இருந்தது. சுவரோரத்தில் அப்படி நடக்காது. சுவர்ப் பக்கம் தண்ணீர் வரத் தடை. எதிர்ப்பக்கத் தண்ணீர் குமிழியைக் குத்திக்கொண்டு ஊசித்தாரையாகச் சுவரில் மோதும். 1944இல் கோர்ன்ஃபெல்டும் சுவரோவும் ஊகித்ததை 1961இல் நோடேயும் எல்லிஸும் படம்பிடித்தார்கள். 1971இல் பிளெஸ்ஸெட்டும் சாப்மனும் சுவரைத் தொட்டிருக்கும் குமிழிக்குக் கணக்கிட்ட தாரை வேகம் வினாடிக்கு சுமார் 130 மீட்டர். அது மோதும் நொடித்துணுக்கில் சுமார் 2,000 வளிமண்டல அழுத்தம். குற்றவாளி தாரையா, அதிர்வலையா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. இரண்டும் கூட்டுக் களவாணிகள் என்றே எனக்குப் படுகிறது.

நம்ம மோட்டார் கதைக்கு வருவோம். ஹைதராபாத் கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேலே இருப்பதால் காற்றழுத்தம் சென்னையைவிட ஐந்தாறு சதவீதம் குறைவு. உறிஞ்சும் உயரத்தில் அரை மீட்டருக்கு மேல் போச்சு. போதாததற்கு ஃபுட் வால்வில் பாசி. வால்வைச் சுத்தம் செய்து, மோட்டாரை ஒரு முழம் தாழ்த்தி வைத்தோம். சத்தம் நின்றுவிட்டது, புது இம்பெல்லருக்குக் காசு கொடுத்ததென்னவோ கொடுத்ததுதான்.