எலி பிடிக்கும் பூனைக்கு எலியைவிட எலி மருந்தே பெரிய ஆபத்து

சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் திருவாரூர் மாவட்டக் கிராமங்களில் எலிகளின் நடமாட்டம் வீட்டுப் பக்கம் கூடிவிடும். கதிர் இருந்தவரை வரப்பு வளையில் கிடந்த எலிகளில் ஒரு பகுதி, அறுவடை இயந்திரம் போன பிறகு வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, நெல் மூட்டை அடுக்கிய அறை என்று தீனி இருக்கும் இடம் தேடி வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் வரப்பு மூழ்கும்போதும் இதே கதைதான்.

இந்த மாதங்களில்தான் "பூனை சோர்ந்து கிடக்கிறது, வாந்தி எடுக்கிறது, எலிப் புழுக்கை பட்ட சோற்றைத் தின்றிருக்குமோ?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். அப்போது நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டிலோ பக்கத்து வயலிலோ எலி மருந்து வைத்தீர்களா?" என்பதுதான். பல நேரங்களில் பதில் "ஆமாம்" என்றே வருகிறது. எலியால் பூனைக்கு வரும் நோய்கள் உண்மையில் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மெதுவாக வருபவை, மருந்துக்குக் கட்டுப்படுபவை. விஷம் அப்படிக் காத்திருப்பதில்லை.

கருவாடு கலந்த விஷ உணவு

வயல் எலிக்கு நம் பகுதியில் அதிகம் பயன்படுத்துவது ஜிங்க் பாஸ்பைடு. அதைப் பொரி, குருணை அரிசியில் கலப்பதோடு, எலி விரும்பித் தின்னட்டும் என்று கருவாடு, வயல் நண்டுச் சதையிலும் கலக்கிறார்கள். கருவாட்டு வாசனைக்கு எலி வருவதற்கு முன்பே பூனை வந்துவிடும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. பூனை வளர்க்கும் வீட்டிலும், வீட்டை ஒட்டிய வயலிலும் கருவாடோ நண்டோ கலந்த விஷ உணவு வைக்கவே கூடாது. தானியமும் சிறிது கடலை எண்ணெயும் போதும்.

ஜிங்க் பாஸ்பைடு வயிற்றில் உள்ள அமிலத்தோடு சேர்ந்ததும் பாஸ்பைன் என்ற நச்சு வாயுவாக மாறுகிறது. சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, மூச்சுத்திணறல், தள்ளாட்டம், வலிப்பு வரும். வாந்தியில் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை அடிக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறிக்கு ஏற்பச் சிகிச்சை செய்து காப்பாற்றப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த விஷம் செத்த எலியின் தசையில் தங்குவதில்லை. ஆனால் அதன் வயிற்றில் செரிக்காமல் கிடக்கும் விஷ உணவைப் பூனை சேர்த்துத் தின்றால் ஆபத்துதான்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. விஷம் முறியட்டும் என்று உடனே பாலும் சோறும் கொடுக்கிறார்கள். உணவு உள்ளே போனால் வயிற்றில் அமிலம் கூடும். அமிலம் கூடினால் வாயுவும் கூடும். எனவே ஒன்றும் கொடுக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். பூனையைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, அட்டைப் பெட்டியிலோ கூடையிலோ போட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். வாந்தியிலிருந்து வெளியேறும் வாயு மனிதருக்கும் கெடுதல். மூடிய அறையில் குனிந்து நின்று துடைக்கக் கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு, வாடை போன பிறகு சுத்தம் செய்யுங்கள்.

தள்ளாடும் எலி

கடைகளில் கேக் வடிவில் கிடைக்கும் புரோமடியோலோன் வேறு வகையில் வேலை செய்கிறது. இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே உடலில் மறுபடி பயன்படுவதை இது தடுக்கிறது. தின்ற எலி அன்றே சாகாது. சாகப் பல நாட்கள் ஆகும். கடைசி நாட்களில் அது ஓட முடியாமல் பட்டப்பகலில் தள்ளாடித் திரியும். பூனைக்கு இதைவிட எளிய இரை கிடைக்குமா?

நாயோடு ஒப்பிட்டால் பூனை இந்த மருந்தை ஓரளவு தாங்கும். அப்படி ஓர் எலியைத் தின்றதால் மட்டும் வளர்ந்த பூனை பெரும்பாலும் செத்துவிடாது. ஆனால் இந்த மருந்து ஈரலில் தங்கக்கூடியது. ஊர் முழுக்கக் கேக் வைத்திருக்கும் வாரத்தில் நாளுக்கு ஓர் எலி என்று தின்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் ஈறு வெளுத்துப் போகும், மூச்சு வாங்கும், மூக்கிலோ ஈற்றிலோ இரத்தம் கசியும், மலம் கறுப்பாகப் போகும், மூட்டு வீங்கி நொண்டும். நல்ல செய்தி, இதற்கு மாற்று மருந்து உண்டு. அது வைட்டமின் கே1. பூனை தெளிந்துவிட்டது என்று நான்கே நாளில் நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலும் மூன்று, நான்கு வாரம் தொடர வேண்டியிருக்கும். வைட்டமின் கே3 இதற்குப் பயன்படாது. அளவையும் நாட்களையும் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எது வைக்கப்பட்டது என்று தெரியாமல் மருத்துவர் தடுமாறுவதால்தான் நேரம் வீணாகிறது. எனவே எலி மருந்தின் உறையையோ டப்பாவையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டுக்குத் தமிழகத்தில் தடை உள்ளது. பழைய டியூப் பரணில் கிடந்தால் அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். பயிருக்குப் போடும் குருணை மருந்தைச் சோற்றில் பிசைந்து எலிக்கு வைக்கும் பழக்கமும் சில ஊர்களில் இருக்கிறது. இது பூனை, நாய், கோழி, மயில் என்று பார்க்காமல் கொல்லும். பூனைக்கு உமிழ்நீர் வழிந்து உடல் நடுங்கினால் இந்த வகை மருந்தைச் சந்தேகிக்கலாம்.

இன்னொன்று: பூனை சுருண்டு கிடந்தால் காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் மாத்திரை கொடுக்காதீர்கள். மனிதருக்கான அந்த மாத்திரையில் ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

எலி கொண்டுவரும் புழுவும் நோயும்

எலி தின்னும் பூனைக்கு நாடாப்புழு வருவது மிகவும் சாதாரணம். புழுவின் குஞ்சுப் பருவம் எலியின் ஈரலில் கட்டியாக இருக்கும். அந்த எலியைத் தின்ற பூனையின் குடலில் அது முழுப் புழுவாக வளர்கிறது. பூனையின் ஆசனவாயைச் சுற்றியும் படுக்கும் சாக்கிலும் அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் இதுதான். பூனையின் மலத்தில் உள்ள முட்டையை எலி தின்பதால் சுழற்சி தொடர்கிறது. ஆக, இந்தப் புழு எலிப் புழுக்கையால் வருவதில்லை. எலியின் உடலைத் தின்பதால் வருகிறது. உருண்டைப்புழுவும் எலி மூலம் வரலாம். எலி பிடிக்கும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் மீதியை ஊற்றுவது சரியல்ல. நாடாப்புழுவுக்கு பிரசிகுவான்டல் சேர்ந்த மருந்து தேவை.

டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி ஆடு வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. இதுவும் எலி, பறவை ஆகியவற்றின் சதை வழியாகத்தான் பெரும்பாலும் பூனைக்குள் போகிறது. ஒட்டுண்ணி தாக்கிய எலிக்குப் பூனையின் வாடை மேலுள்ள பயம் குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது நோயுள்ள எலி தானாகவே பூனையின் வாய்க்கு அருகில் வருகிறது. பெரிய பூனைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. குட்டிக்குக் காய்ச்சல், சளி, கண் அழற்சி வரலாம். முதல் முறை தொற்றிய பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் லட்சக்கணக்கான முட்டைகளை வெளியேற்றும். ஈர மண்ணில் இவை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். தீவனத்தோடு இவற்றைத் தின்ற சினையாடு குட்டி வீசலாம். கர்ப்பிணிப் பெண்ணுக்கு முதல் முறையாகத் தொற்றினால் கருவில் இருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு வரலாம்.

அதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. வெளியேறிய முட்டை நோய் பரப்பும் நிலைக்கு வர ஒரு நாள் முதல் ஐந்து நாள் ஆகிறது. எனவே மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்தால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். அந்த வேலையைக் கர்ப்பிணிகள் செய்ய வேண்டாம். ஆட்டுத் தீவன மூட்டை, கடலைக்கொடிப் போர் மீது பூனை மலம் கழிக்காதபடி மூடி வையுங்கள்.

எலிக்காய்ச்சலைப் பொறுத்தவரை பூனைக்குத் தொற்று ஏற்பட்டாலும் நோயாக வெளிப்படுவது அரிது. இந்தக் கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் பல வாரங்கள் இருக்கும். காய்ந்த இடத்தில் சீக்கிரம் செத்துவிடும். ஆக, இதில் பூனையைவிட நடவு வயலில் வெடித்த காலோடு நிற்கும் நமக்குத்தான் ஆபத்து. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில், "சேற்றில் வேலை செய்தேன், வீட்டில் எலி இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

எலிப் புழுக்கையால் நேராக வரக்கூடியது சால்மொனெல்லா கிருமி. இரவு முழுக்கத் திறந்து கிடக்கும் பூனைத் தட்டில் எலி ஏறி மேய்ந்து புழுக்கை போட்டிருக்கும். காலையில் அதே சோற்றைப் பூனை தின்னும். காய்ச்சலும் கழிச்சலும் வரும், குட்டிகள் தாங்காது. மிச்சச் சோற்றை இரவில் எடுத்துவிடுவதே இதற்கு மருந்து. எலிக்கும் ஒரு வேளைத் தீனி குறையும். எலி கடித்த காயம் வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் இரண்டு மூன்று நாளில் உள்ளே சீழ் கட்டும். அதை வீட்டில் கீற வேண்டாம். பிளேக் வருமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1994ல் சூரத்தில் ஏற்பட்ட பீதி இன்னும் நினைவில் இருக்கிறது போலும். டெல்டாவில் இன்று அந்தப் பயம் தேவையில்லை.

பூனையை மட்டும் நம்பினால் போதாது

பூனை சுண்டெலியைப் பிடிக்கும். வளர்ந்த பெரிய எலியிடமும் பெருச்சாளியிடமும் அது பெரும்பாலும் மோதுவதில்லை. நியூயார்க்கில் ஒரு கழிவு மறுசுழற்சி நிலையத்தில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே திரிந்த பூனைகள் இரண்டே எலிகளைத்தான் கொன்றிருந்தன. எலிகள் பூனையைக் கண்டு பதுங்கிக்கொண்டன, குறையவில்லை. நம் கொட்டகையிலும் நடப்பது இதுதான்.

வீட்டைச் சுற்றிப் பொறி வைப்பதே பூனைக்குப் பாதுகாப்பானது. வயலுக்கு நம் ஊர் பெயரிலேயே தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது. மூங்கிலில் செய்யும் இந்த வில் பொறியை எக்டேருக்கு 100 என்ற கணக்கில் வைக்கப் பரிந்துரைக்கிறோம். விஷமே இல்லாத முறை என்பதால், பிடிபட்ட எலியை ஆந்தையோ பூனையோ தின்றாலும் கவலை இல்லை. வரப்பைச் சிறியதாக வைப்பதும், ஆந்தை உட்கார எக்டேருக்கு 40 முதல் 50 குச்சிகள் நடுவதும் கூடவே செய்ய வேண்டியவை. வயலைச் சுற்றி மின்கம்பி போடுவது சட்டப்படி குற்றம். அது மனிதரையும் கொல்கிறது. ஒட்டும் அட்டை வைத்தால் பூனைக்குட்டி போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் பிய்த்து இழுக்காமல் சமையல் எண்ணெய் தடவி மெல்ல விடுவியுங்கள்.

மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் வளைக்குள் வைத்து வாயை மண்ணால் மூடுங்கள். வீட்டுப் பக்கம் என்றால், பூனையின் தலை நுழையாத குறுகிய பிவிசி குழாய்த் துண்டுக்குள் நடுவில் வைக்கலாம். பக்கத்து வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜிங்க் பாஸ்பைடு வைத்தால் அடுத்த நாள் விடியற்காலையிலேயே வயலைச் சுற்றி வந்து, செத்த எலிகளையும் மீதி மருந்தையும் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். புரோமடியோலோன் என்றால் இந்த வேலை ஒரு நாளில் முடியாது. பத்து நாட்களுக்குத் தினமும் பார்க்க வேண்டும். அந்தப் பத்து நாளும் பூனைக்கு வயிறு நிறையச் சோறு போட்டு, இரவில் வீட்டுக்குள் அடைத்து வையுங்கள்.

எலி போன அறையைச் சுத்தம் செய்யும்போது காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துணியால் அள்ளுங்கள். தரை காயும் வரை பூனையை அந்த அறைக்குள் விட வேண்டாம். பூனை கால்களை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி என்பதால் பிளீச்சிங் நீரும் அதன் வயிற்றுக்குத்தான் போய்ச் சேரும்.