நாகர்: சின்னமும் இனமும்

ஈழத்துத் தொல்வரலாற்றில் நாகர் யாவர் என்னும் வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவது. அவர்களைப் பாம்புருவினராகக் காட்டும் புராண மரபை அப்படியே ஏற்பதற்கில்லை. வெறுங்கற்பனையென ஒதுக்குவதும் பொருந்தாது. நாகத்தைக் குலச்சின்னமாகக் கொண்டு வழிபட்ட மக்களே பிற்காலக் கதைகளிற் பாம்புகளாக உருமாறினர் எனக் கருத இடமுண்டு.

மகாவம்சமும் மணிமேகலையும் ஆசனம் ஒன்றின்பொருட்டுப் பொருத நாக மன்னர் இருவரைப் பற்றிக் கூறுகின்றன. பாளி நூலில் அவர்கள் மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருமகனும், களம் நாகதீபம். தமிழ்க் காப்பியத்திற் களம் மணிபல்லவம். இரண்டிலும் புத்தரே பகை தணிக்கின்றார். ஒரே மரபு இரு மொழிகளிலும் வழங்கியமை இதனாற் புலனாகும்.

பெயர்களும் இப்பொதுமைக்குச் சான்றாகும். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்டோருள் ஒருவன் இளநாகன். சங்கப் புலவருள் ஒருவர் மருதன் இளநாகனார். 1936இல் வெளிப்பட்ட வல்லிபுரப் பொற்சாசனமும் நாகதீவைக் குறிப்பிடுகின்றது. இன்றும் நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே நிலைபெற்றுள்ளன.

எனினும், இனத்தேசியம் வலுப்பெற்ற 20ஆம் நூற்றாண்டில், நாகர் தமிழரே என ஒரு சாராரும், சிங்களவரின் முன்னோரே என மறுசாராரும் வாதிட்டனர். இன்றைய இன அடையாளங்கள் உருப்பெறாத காலத்து மக்களுக்கு இன்றைய இனப்பெயரைச் சூட்டுதல் வரலாறாகாது. அது அரசியல் உரிமைகோரலே. பழங்கதை நாகர் ஆசனத்துக்காகப் பொருதனர்; நாமோ அவர்தம் பெயருக்காகப் பொருதுகின்றோம்.