மாணவர் நலனும் ஆசிரியர் நலனும்: பெர்லின் முதல் காந்திகிராமம் வரை

திண்டுக்கல் என்றதும் ஹைதர் அலியின் காலமும் பேகம்பூர்ப் பள்ளிவாசலும் நம் நினைவுக்கு வரும். அந்நகருக்குத் தெற்கே, சின்னாளபட்டியை அடுத்துள்ள காந்திகிராமத்தின் கல்வி வரலாற்றிலும் முஸ்லிம் அறிஞர் ஒருவருக்குப் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தோற்றுவித்த அவ்வமைப்பு பின்பற்றிய ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன்.

அவருடைய கல்விச் சிந்தனை பெர்லினில் உருப்பெற்றது. 1920களில் அவரும் ஆபித் ஹுசைனும் முஜீபும் ஜெர்மனியில் பயின்றனர். கையால் செய்து கற்க வேண்டும் என்ற கெர்ஷன்ஸ்டைனரின் கொள்கை ஜாகிர் ஹுசைனைக் கவர்ந்தது. 1926இல் மூவரும் தாயகம் திரும்பி, நலிந்திருந்த ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைத் தாங்கினர். பெர்லினில் அவர்களோடு பழகிய கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்னும் யூதப் பெண்மணி, பின்னர் டெல்லிக்கு வந்து, 1943இல் மறையும் வரை ஜாமியாவின் சிறுவர்களுக்குத் தொண்டாற்றினார்.

அன்பும் அச்சமின்மையும் கல்விக்கு இன்றியமையாதவை என்பது மேற்கிலிருந்து வந்த புதுக் கருத்தன்று. ஆசிரியர் மாணவரைத் தம் மக்களெனக் கருத வேண்டும் என்றார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). கடுமை மாணவனின் ஊக்கத்தைக் கெடுத்து, அவனைப் பொய்க்கும் வஞ்சகத்துக்கும் பழக்கும் என 14ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார் இப்னு கல்தூன்.

ஆசிரியர் நலனோ தியாகத்தின் பெயரால் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1928இல் ஜாமியாவின் ஆசிரியர்கள், மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாமல் 20 ஆண்டுகள் பணியாற்றுவதாக உறுதி பூண்டனர். அத்தியாகம் நிறுவனத்தைக் காத்தது. ஆனால், மனமுவந்து ஏற்ற வறுமை வேறு. பிறர் மீது விதிக்கும் வறுமை வேறு.

இவ்விரு நலன்களும் மோதிய இடம் வார்தா. 1937 அக்டோபரில் அங்கே கூடிய மாநாட்டில், மாணவரின் கைத்தொழில் வருவாய் காலப்போக்கில் ஆசிரியரின் ஊதியத்தை ஈடுசெய்யலாம் என்ற காந்தியடிகளின் எண்ணம் ஆராயப்பட்டது. தொடர்ந்து அமைந்த ஜாகிர் ஹுசைன் குழுவில் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும், தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் இடம்பெற்றனர். வருவாய் நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடும் அபாயத்தைக் குழு மறைக்காமல் சுட்டிக்காட்டியது. எனினும் அது வகுத்த ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடமும் இடைவேளைக்குப் 10 நிமிடமும் ஒதுக்கப்பட்டன. ஆசிரியரின் ஊதியம் மாணவன் நூற்ற நூலைச் சார்ந்திருந்தால், ஆசிரியர் மேற்பார்வையாளராகவும் மாணவன் கூலியாளாகவும் மாறிவிடக் கூடும் என்பதே இதிலிருந்த இடர்.

காந்திகிராமம் இச்சிக்கலை வேறொரு சூழலில் வைத்தது. சௌந்தரம் மருத்துவர், ஆதலால் அங்கே பள்ளியோடு மருத்துவமனையும், ஆசிரியர் பயிற்சியோடு கிராமச் சுகாதாரப் பணியும் வளர்ந்தன. 1956இல் தோன்றிய கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆதாரக் கல்வி நாடெங்கும் மங்கிப்போன பின்னரும், உடல்நலத்தைக் கல்வியிலிருந்து பிரிக்கலாகாது என்ற படிப்பினை எஞ்சியது.

இன்று இவ்வாராய்ச்சி உலகளாவியது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, 2015ஆம் ஆண்டின் பீசா ஆய்வில் மாணவரின் மனநிறைவையும், 2018ஆம் ஆண்டின் டாலிஸ் ஆய்வில் ஆசிரியரின் மனஅழுத்தத்தையும் வினவியது. இரண்டும் தனித்தனி ஆய்வுகள். வகுப்பறையிலோ இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை.

இவ்வரலாறு நம் சமுதாயத்திடமும் ஒரு வினாவை எழுப்புகிறது. நம் மக்தபுகளிலும் பள்ளிகளிலும் பிள்ளைகளிடம் கனிவு காட்டுமாறு உஸ்தாதுகளை வேண்டுகிறோம். அவர்தம் இல்லத்து அடுப்பு எரிகிறதா என்று நாம் கேட்டதுண்டா? கவலை சூழ்ந்த உள்ளத்திலிருந்து கனிவு நெடுநாள் ஊறாது. தியாகத்தைப் போற்றுவோம், ஆனால் கொடுக்க வேண்டிய ஊதியத்துக்கு அப்போற்றுதலை ஈடாக்க வேண்டாம்.