போர்க்காலச் சதங்களும் "பிழை நாணயம்" என்னும் மயக்கமும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளின் பெட்டகங்களில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த சதங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுள் 1942ஆம் ஆண்டுச் சதங்கள் இரண்டினை அருகருகே வைத்து நோக்குவோர் சிலவேளை திகைப்பர். உருவமும் அகலமும் ஒன்றே. எனினும் ஒன்று தடித்தது, மற்றது தகடு போன்றது. செட்டியார் தெருப் பொற்றராசில் இட்டால் முன்னையது ஏறத்தாழ 4.72 கிராமும், பின்னையது அதன் பாதியாகிய 2.36 கிராமும் நிற்கும். மெல்லியதைக் கள்ளக் காசென எறிந்தோரும் உளர். நாணயசாலையின் பிழையென நம்பிப் பெருவிலை கொடுத்தோரும் உளர். நாமும் முன்னர் எமது பட்டியலொன்றில் அதனைப் 'பிழை' என்றே குறித்தோம். அது தவறு.

இலங்கையில் ரூபாயும் சதமுமாகிய தசம முறை 1872இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பொருட்டு 1870 என்னும் ஆண்டு பொறித்து அடிக்கப்பட்ட செப்புச் சதம், ஓர் இறாத்தலுக்குத் தொண்ணூற்றாறு என்னும் கணக்கினது, 4.72 கிராம் என்பது அக்கணக்கே. விக்டோரியா காலத்து இந்நிறை இரண்டாம் உலகப் போர்வரை மாறாது நின்றது. போரிலோ செம்பு படைக்கலங்களுக்கு வேண்டப்பட்டது. யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய 1942ஆம் ஆண்டிலேயே சதம் வெண்கலத்தில், பாதி நிறையில் வெளிவந்தது. 1943, 1945 ஆகிய ஆண்டுகளின் சதங்களும் மெல்லியனவே. சதுர வடிவான ஐந்து சதமும் இவ்வாறே குறைந்தது: 1942, 1943ஆம் ஆண்டுகளில் 3.89 கிராம், 1944, 1945ஆம் ஆண்டுகளில் 3.24 கிராம். எனவே மெல்லிய சதம் பிழையன்று. போர் விட்டுச்சென்ற சான்று. அதனை எறிபவர் ஒரு சிறு வரலாற்று ஆவணத்தையே எறிகின்றார்.

மாறாக, 1937 அல்லது 1940 பொறித்த சதமொன்று பாதி நிறையே காட்டுமாயின் அதனை ஐயுற்று ஆராய்தல் வேண்டும். அப்பொழுதும் அவசரம் ஆகாது. கைபட்டுத் தேய்ந்த காசில் மன்னரின் முகமே முதலில் மழுங்கும். விளிம்பு பெரிதும் குறையாது. அமிலத்தில் இட்ட காசிலோ முகம், எழுத்து, விளிம்பு யாவும் ஒருங்கே கரையும், அகலமும் சுருங்கும். அகலம் குறையாது, எழுத்து கூர்மையாக நிற்க, தடிப்பு மட்டும் குறைந்திருப்பின், தகடு மாறி அடிக்கப்பட்டதென ஓரளவு துணியலாம்.

இவ்வளவைகள் பொறியால் அடித்த காசுகளுக்கே பொருந்தும். ஒல்லாந்தக் கம்பனியார் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களின் முதலெழுத்தை இட்டு வெளியிட்ட தடித்த ஸ்டைவர் காசுகள் ஒன்றையொன்று ஒத்திரா. அவற்றுள் ஒன்றைத் தனியே நிறுத்து "குறைநிறை" எனல் பொருளற்றது. ஒருங்கு கிடைத்த பலவற்றை நிறுத்துச் சராசரி கண்ட பின்னரே அதுபற்றிப் பேசுதல் தகும்.