திருவனந்தபுரம் நகரக் கழிவு மேலாண்மை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நகரங்களின் வரலாறு அரண்மனைகளையும் கோயில்களையும் மையமாகக் கொண்டே பெரிதும் எழுதப்பெற்று வந்துள்ளது. ஒரு நகரம் தன் கழிவை எவர் தலையில் ஏற்றி, எவ்விடத்தில் கொட்டியது என்னும் வினா அவற்றுள் அரிதாகவே எழுப்பப்படுகிறது. திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கி, 1956 முதல் கேரளத்தின் தலைநகராகத் திகழும் திருவனந்தபுரம் இவ்வினாவிற்கு அளித்துவந்த விடைகளைக் கால வரிசையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டி முறையும் கழிவுநீர்ப் பண்ணையும்

கழிவுநீர்க் குழாய்கள் வருவதற்குமுன் திருவிதாங்கூர் நகரங்களில் மலக்கழிவு மனிதக் கரங்களாலேயே அகற்றப்பட்டது. அப்பணி சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆலப்புழை நகராட்சித் தொழிலாளரைப் பற்றித் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் வெளியிட்ட புதினம், சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் 'தோட்டியின் மகன்' எனத் தமிழுக்கு வந்தது. அதில் மூன்று தலைமுறையாகத் தொடரும் அத்தொழிலாளரின் முதல் இரு தலைமுறையினர் இசக்கிமுத்து, சுடலைமுத்து என்னும் தென்தமிழ்நாட்டுப் பெயர்களைத் தாங்கியிருத்தல் கருதத்தக்கது. மலையாள நகரங்களின் தூய்மைக்குப் பின்னால் தமிழ் உழைப்பு இருந்தமைக்கு அப்புதினம் ஓர் இலக்கியச் சான்று எனலாம்.

திருவனந்தபுரத்தில் 1930களின் பிற்பகுதியில் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் தொடங்கப்பெற்றது. 1940இல் நகரம் மாநகராட்சியாயிற்று. குழாய்களின்வழி வந்த கழிவுநீர், கடற்கரையை ஒட்டிய வலியதுறைப் பகுதியின் பண்ணையில் பாய்ச்சப்பட்டு மாட்டுத்தீவனப் புல் வளர்க்கப் பயன்பட்டது. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 107 மில்லியன் லிட்டர் கொள்ளளவுடைய சுத்திகரிப்பு நிலையம் 2013இல்தான் செயற்பாட்டுக்கு வந்தது.

கால்வாயும் கடலும்

நீர்நிலைகளே நகரின் இரண்டாவது குப்பைக் கிடங்காயின. அரசி கௌரி பார்வதி பாயின் ஆட்சிக்காலத்தில் (1815–1829) போக்குவரத்திற்காக வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு, பிற்காலத்தில் சாக்கடையாகத் தாழ்ந்தது. நகரின் நடுவே ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டின் நிலையும் அதுவே.

தொழிற்கழிவின் கதையும் வேறன்று. 1946இல் நிறுவப்பெற்ற திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை, கடற்கரை மணலிலிருந்து கிடைக்கும் இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெண்ணிறமி ஆக்குவதாகும். இம்முறையில் அமிலமும் இரும்பு உப்பும் கலந்த கழிவுநீர் பெருமளவில் எஞ்சும். அக்கழிவுநீர் பல்லாண்டுகள் வேளிக் கடலில் விடப்பட்டது. அதன் விளைவைக் கடற்கரை மீனவர் சுமந்தனர்.

விளப்பில்சாலை

2000ஆம் ஆண்டில் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, விளப்பில்சாலை என்னும் கிராமத்தில் குப்பையை உரமாக்கும் ஆலை திறக்கப்பெற்றது. தொடக்கத்தில் தனியார் நடத்திய அதனை 2008இல் மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. இரு பருவமழைகளும் பெய்யும் நிலத்தில், ஈரம் மிக்க சமையற்கழிவு தரம் பிரிக்கப்படாமல் குவிக்கப்பட்டதால், உரமாகாத எச்சம் மலைபோல் திரண்டது. அதிலிருந்து வடிந்த கழிவுச்சாறு மீனம்பள்ளித் தோட்டின் வழியாகக் கரமனை ஆற்றைச் சேர்ந்தது. கிணற்று நீர் கெட்டதாகவும் நோய்கள் பெருகியதாகவும் ஊரார் முறையிட்டனர்.

2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சி ஆலையின் வாயிலைப் பூட்டியது. 2012 பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நீதிமன்ற ஆணையின் துணையுடன் காவல்துறை உள்நுழைய முயன்றபோது, பெண்களை முன்னிறுத்தி மக்கள் சாலையை மறித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஊராட்சித் தலைவர் சோபனா குமாரி உண்ணாநோன்பு மேற்கொண்டார். ஆலை மீண்டும் இயங்கவில்லை. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிக்கு அளித்த தகுதி, ஒரு தலைநகரின் தேவையை எதிர்த்து நிற்கும் அளவிற்கு வலுப்பெற்றதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கொட்ட இடமற்ற நகரம் தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்க நேர்ந்தது. வீட்டு உரக்கலங்கள், உயிரி எரிவாயுக் கலன்கள், திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் உருவான காற்றோட்ட உரத்தொட்டிகள் ஆகியன பரவின. மக்காத பொருள்களை வீடுதோறும் திரட்டும் பணி பசுமைக் கர்மசேனை மகளிரிடம் ஒப்படைக்கப்பட்டது.

எல்லை கடந்த கழிவு

எனினும் பழைய வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர்ப் பகுதியில் கொட்டப்பட்டிருந்த மருத்துவக் கழிவு, திருவனந்தபுரத்து மருத்துவமனைகளிலிருந்து வந்தது எனக் கண்டறியப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி கேரள அரசு லாரிகளை அனுப்பி அதனைத் திரும்ப எடுத்துச் சென்றது. அதே ஆண்டு ஜூலையில், தம்பானூர் தொடர்வண்டி நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். இரண்டு நாள் கழித்தே உடல் கிடைத்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், திருவனந்தபுரத்தின் கழிவு வரலாறு பெரிதும் இடமாற்றத்தின் வரலாறாகவே அமைகின்றது. கழிவு தோட்டியின் தலைக்கும், நீர்நிலைகளுக்கும், அயல் கிராமத்திற்கும், அண்டை மாநிலத்திற்கும் மாற்றப்பட்டதேயன்றி, நெடுங்காலம் தீர்க்கப்படவில்லை. ஏற்றவர்கள் மறுத்தபோதுதான் நகரம் மாற்றுவழி தேடியது. விளப்பில்சாலை இவ்வகையில் ஒரு திருப்புமுனையாகும். ஆயினும் தோட்டில் இறந்த தொழிலாளிக்கு மறுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை என்பதையும் வரலாறு பதிவு செய்தல் வேண்டும். புதினத்தின் காலத்தில் தலைமுறைக் கடமையாக இருந்த அவ்வுழைப்பு இன்று கூலிப்பணியாக மாறியிருப்பினும், அதன் ஆபத்து நீங்கவில்லை.