சர்க்கஸ்காரர்கள் அனுப்பிய கேக்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்குத் தெற்கே கார்சிக்கானா என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. 1894இல் அங்கே தண்ணீருக்காக ஆழ்துளை போட்டார்கள், எண்ணெய் வந்தது. ஊரில் பணம் புழங்கத் தொடங்கியது. வியாபாரிகளும் கலைஞர்களும் ரயிலேறி வந்து போனார்கள். 1896இல் அங்கே காலின் தெரு பேக்கரி தொடங்கியது. ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரத்திலிருந்து குடியேறிய கஸ் வீட்மன் அடுப்படியைப் பார்த்துக்கொண்டார். டாம் மெக்எல்வீ வியாபாரத்தைக் கவனித்தார். வீட்மனின் கைப்பக்குவத்தில் உருவான பழக்கேக்தான் அந்த ஊரின் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது.

அந்தக் கேக்கில் மாவு குறைவு. எடையில் கால் பங்குக்கு மேல் பீக்கன் பருப்புதான். டெக்சஸின் ஆற்றங்கரைகளில் தானாகவே வளரும் மரம் பீக்கன். 1919 முதல் அதுவே மாநில மரம். அதோடு பாகில் ஊறிய செர்ரி, அன்னாசி, பப்பாளித் துண்டுகள். இவையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற அளவுக்குத்தான் மாவும் முட்டையும். வட்ட அச்சில் மாவுக் கலவையை நிரப்பிய பிறகு, மேலே பீக்கனையும் செர்ரியையும் இயந்திரம் தூவுவதில்லை. மேசையைச் சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொரு பருப்பாக எடுத்துக் கையால் பதிக்கிறார்கள். இந்தக் கேக்கை வாங்கிச் சாப்பிடப்போகிறவர் ஆயிரம் மைல் தள்ளி இருக்கலாம். ஆனாலும் மூடியைத் திறந்ததும் அவர் முதலில் பார்ப்பது இந்தக் கைவேலையைத்தான்.

1906இல் பேக்கரி பெரிய கட்டடத்துக்கு மாறியது. மாடியில் மெக்எல்வீ ஒரு விடுதி நடத்தினார். ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோ, நடிகர் வில் ரோஜர்ஸ் போன்றவர்கள் அங்கே தங்கினார்கள். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களின் கைக்கு அந்தக் கேக் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. 1914இல் ரிங்லிங் சர்க்கஸ் குழு ஊருக்கு வந்தது. கேக்கைச் சாப்பிட்டுப் பார்த்த கலைஞர்கள், ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் இருந்த தங்கள் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் இதை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். தபால் வழி வியாபாரம் அன்றுதான் தொடங்கியது என்கிறது பேக்கரியின் வரலாறு.

நம் பக்கத்தில் அம்மா சுட்ட அதிரசமும் முறுக்கும் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளையைத் தேடிப் போகும். இங்கே பலகாரம் எதிர்த்திசையில் போனது. கூடாரத்தில் வாழ்கிறவனுக்குச் சொந்தமாக அடுப்பு ஏது? வாரக்கணக்கில் ஓர் ஊரில் தங்காதவன் என்ன செய்து அனுப்ப முடியும்? இன்னொருவர் அடுப்பில் வெந்த கேக்கைக் காசு கொடுத்து வாங்கி, அதன்மேல் தன் வீட்டு முகவரியை எழுதினான். வீட்டாருக்கு அது கடைக் கேக்காகத் தெரிந்திருக்காது. மகன் அனுப்பியதாகத்தான் தெரிந்திருக்கும்.

காலமும் கைகொடுத்தது. 1912 வரை அமெரிக்க உள்நாட்டுத் தபாலில் நான்கு பவுண்டுக்கு மேல் பொட்டலம் அனுப்ப முடியாது. கனமான சரக்கெல்லாம் தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தது. 1913 ஜனவரி 1 அன்று அரசின் பார்சல் தபால் தொடங்கியது. எடை வரம்பு 11 பவுண்டு ஆனது. தபால்காரர் போகிற பண்ணை வீடு வரைக்கும் இனி கேக்கும் போகலாம்.

ஆனால் எல்லா கேக்கும் இந்தப் பயணத்தைத் தாங்காது. கிரீம் தடவிய பஞ்சு கேக் இரண்டாம் நாளே புளித்துவிடும். பை குலுங்கினால் உருக்குலையும். பழக்கேக்கில் இருக்கும் ஈரத்தைச் சர்க்கரை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வளரத் தேவையான நீர் கிடைப்பதில்லை. இறுகிய உடம்பு என்பதால் எறிந்தாலும் உதிராது. தகர டப்பா ஈரக்காற்றையும் எறும்பையும் தடுக்கிறது. 2017இல் அண்டார்டிகாவின் அடேர் முனையில், துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழு விட்டுச்சென்றதாகக் கருதப்படும் பழக்கேக் ஒன்று தகர டப்பாவுக்குள் கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கேக் முழுசாக இருந்தது. டப்பாதான் துருப்பிடித்திருந்தது.

இப்படிக் கெடாமல் இருப்பதையே கேலி செய்கிறவர்கள் உண்டு. உலகத்தில் ஒரே ஒரு பழக்கேக்தான் இருக்கிறது, அதையே எல்லோரும் மாற்றி மாற்றிப் பரிசளிக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜானி கார்சன் சொன்னது பிரபலம். சிரிக்கலாம்தான். ஆனால் கடல் தாண்டி இருக்கிறவருக்கு ஒன்றை அனுப்புகிறபோது முதலில் வேண்டியது இந்தக் கெடாத தன்மைதான். கப்பல் தாமதமாகலாம், சுங்கத்தில் நிற்கலாம், வீட்டில் ஆளில்லாமல் பார்சல் திரும்பி மறுபடி வரலாம். அத்தனையையும் பொறுத்துக்கொள்கிற இனிப்பாக இருக்க வேண்டும்.

இன்று கார்சிக்கானாவிலிருந்து இந்தக் கேக் ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் போகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்களில் பேக்கரிக்கு ஓய்வே இருக்காது. பழக்கேக் செய்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய அன்று அதன் சுவை முழுசாக அமையாது; பழத்தின் சாறும் மணமும் மெல்ல மெல்ல மாவுக்குள் இறங்க நாள் வேண்டும். மற்ற பலகாரங்களுக்கு வழியில் போகிற ஒவ்வொரு நாளும் இழப்பு. இதற்கு அது பக்குவத்தின் ஒரு பகுதி. அதனால் அனுப்பியவர் ருசி பார்த்ததைவிட, தூரத்தில் இருப்பவர் சாப்பிடுவது இன்னும் நன்றாக இருக்கும். அன்பானவருக்குப் பரிசு அனுப்ப இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.